சிவலையின் வலப்பக்கம்

மச்சி,

மாட்டு டொக்டர் மிஸ் சிவலையின் வயிற்றில் பூசிய பசை இன்னும் என் உள்ளங்கையில் குளிர்கிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவியும் வழுவழுப்புப் போகவில்லை. அந்தக் கையோடுதான் உனக்கு இதை எழுதுகிறேன். நீ படிக்கப்போவதில்லை. இருந்த காலத்தில் மட்டும் நான் சொன்னதை முழுதாகக் கேட்டாயா என்ன?

மாடு என்னுடையது, கட்டி வளர்த்தது நீ. முதல் கன்று எனக்கு, அடுத்தது உனக்கு என்பதுதான் நம் பேச்சு. இப்போது வயிற்றில் இருப்பது உன் முறைக் கன்று. "பொட்டை நாகாப் பிறந்தா என்ட மகளுக்கு, காளை நாம்பனாப் பிறந்தா பெருநாள் குர்பானுக்கு" என்று சினை பிடித்த அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டாய்.

முதல் சினையின்போது நாம் அடித்த கூத்து நினைவிருக்கிறதா? இடப்பக்கத்தில் கை வைத்து, "துடிக்குது, துடிக்குது" என்று தெருவெல்லாம் சொல்லி, தொதல் கிண்டிப் பங்கு வைத்தோம். அப்போது வந்த மாட்டு டொக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அது கன்று இல்ல, தின்ட புல்லு அசையுது. கன்று வலப்பக்கம்" என்றார். நான் வெட்கத்தில் செத்தேன். நீயோ மறுநாளே சிவலையின் வலக்கொம்பில் மருதோண்டி பூசினாய், இனிப் பக்கம் மாறாதாம். மாவடிப்பள்ளி ஊரிலேயே மருதோண்டி போட்ட மாடு அது ஒன்றுதான்.

அதன் பிறகு கடைசி மாதங்களில் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, கிணற்றுத் தண்ணீரை ஒரு வாளி குடிக்கக் கொடுப்பாய். குளிர்ந்த தண்ணீர் உள்ளே போனதும் கன்று விழித்துக்கொள்ளும் என்பாய். வலப்பக்கத்து அடிவயிற்றில் கையை வைத்து, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்பாய். உள்ளே இருந்து ஓர் உதை வரும்.

"மாட்டுக்குமா ஸலாம், மச்சி?" என்று கேட்டேன்.

"உன்ட புருஷன், என்ட கூடப்பிறந்த காக்கா, அவர விட இது ஒழுங்காப் பதில் சொல்லுதே!"

இந்தச் சினையில் கன்று துடிக்கத் தொடங்கும் முன்னரே நீ மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டாய். உன் பேருக்குக் கத்தம் ஓதி முடிந்ததும் சிவலையை என் வளவுக்குக் கொண்டுவந்தேன். மருதோண்டியும் நானே பூசினேன். தண்ணீர் வைப்பேன், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன். ஸலாம் மட்டும் சொல்ல வரவில்லை. கன்று உதைத்ததா என்று பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

போன கிழமை உதை குறைந்தது. பிறகு சில நாளாக ஒன்றுமே இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கன்று என்றால் அல்லாஹ் தந்தது, அல்லாஹ் எடுத்தான் என்று இருந்திருப்பேன். இது உன்னுடையது. உன் மகள் வேலியோரம் வந்து, "மாமி, கன்று எப்படி?" என்று கேட்கும்போதெல்லாம், "ஓம், நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இன்று தம்பிலுவிலில் இருந்து டொக்டர் மிஸ் வந்தார். வலப்பக்கத்தில் ரோமத்தை மழித்து, பசை பூசி, ஸ்கேன் கருவியை வைத்து அழுத்தினார். கருவியை மேலும் கீழும் நகர்த்தித் தேடினார். பிறகு என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். சாம்பல் நிறத்துக்குள் ஏதோ ஒன்று விடாமல் துடித்துக்கொண்டிருந்தது.

"நெஞ்சு நல்லா அடிக்குது. கன்று பெருத்திட்டு, உள்ள இடமில்ல. அதான் ஆட்டம் குறைவு. ஆனா பார்க்கிறத விட்டுராதீங்க. மாடு தீனி எடுக்காட்டி உடனே சொல்லுங்க" என்றார்.

நான் அழுதேன், மச்சி. டொக்டர் மிஸ் பயந்தே போனார்.

அவர் போன பின் அஸர் தொழுதுவிட்டு வாளியோடு போனேன். சிவலை குடித்து முடித்தது. மையவாடி வாசலில் ஆண்கள் நின்று, உள்ளே அடக்கப்பட்டிருக்கும் உங்களுக்கெல்லாம் ஸலாம் சொல்லிவிட்டு வருகிறார்கள். எங்கள் ஊரில் பெண்கள் அங்கே போவதில்லை. உனக்குச் சொல்ல வேண்டிய ஸலாம் இத்தனை மாதமாக என்னிடமே கிடந்தது. வயிற்றில் கையை வைத்து அதைச் சொன்னேன். உனக்கா கன்றுக்கா என்று எனக்கே தெரியாது.

கைக்குள் ஓர் உதை வந்தது. உன் மகளைக் கூப்பிட்டு, அவள் கையையும் அதே இடத்தில் வைத்தேன்.