ஜூலியின் மூச்சுக் கணக்கு

அக்கா,

ஜூலியின் மெத்தையை இன்று துவைத்துக் காயப்போட்டேன். ரவிக்கை வெட்டுத் துணிகளை அடைத்து நீங்கள் தைத்தது. தையல் மெஷின் எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. போக வேண்டாமென்று நானும் அழுத்தித் துவைக்கவில்லை.

ஜமுனாமரத்தூர் கால்நடை மருத்துவமனையில் நான் சேர்ந்த புதிதில், உங்கள் நாய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததும் 'உஸ்' என்று இரைச்சல். இதய வால்வு சரியாக மூடாமல் ரத்தம் பின்னால் கசிகிற சத்தம். மனிதர்களிடம் நிமிர்ந்து பேச வராத நான், அதை ஜூலியிடமே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இன்னாங்க டாக்டரம்மா, அதுக்கு இன்னா தெரியும்? என்னாண்ட சொல்லுங்க. சத்தம் பெருசுன்னா நோவும் பெருசா?"

"சத்தத்த மட்டும் வெச்சு சொல்ல முடியாதுங்க அக்கா. இதயம் பெருசாயிருக்கான்னு எக்ஸ்ரேல பாக்கணும்."

வேலூர் போய் எடுத்து வந்தீர்கள். இதயம் பெரிதாகியிருந்தது. நல்லவேளை, நுரையீரலில் நீர் கோக்கவில்லை. மாத்திரை கொடுத்து, தூங்கும்போது அவள் மூச்சை எண்ணச் சொன்னேன். நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டினால் உடனே வர வேண்டும்.

சில நாளிலேயே ஓடி வந்தீர்கள். "நாப்பதுக்கு மேல போவுதுங்க" என்றீர்கள். நீர் கோத்துவிட்டதென்று பயந்து, அதை வடிக்கும் மருந்தைக் கையில் எடுத்துவிட்டேன். ஆனால் நெஞ்சில் கரகரப்பு இல்லை. உங்கள் மடியில் ஜூலி அசந்து தூங்கியதும், "இப்ப எண்ணுங்க அக்கா" என்றேன்.

விலா மேலே எழும்பியது. "ஒண்ணு." கீழே இறங்கியது. "ரெண்டு."

"ஏறி எறங்கினா ஒண்ணுதாங்க அக்கா! நீங்க எண்ணுனதுல பாதிதான்!"

"அய்யோ! ஊசி ஏறி எறங்குனாதான் ஒரு தையலுன்னு நாளெல்லாம் தைக்கிறேன், இது தோணலியே." அழுகையோடு சிரித்தீர்கள். "நீயாவது மின்னாடியே சொல்றதுக்கு இன்னா கண்ணு, வாய்ல கொழுக்கட்டையா வெச்சினுகிற?"

அன்றிலிருந்து நான் உங்களுக்குக் கண்ணு. ஜூலிக்குப் பார்த்துப் பார்த்து எண்ணிய நீங்கள், உங்களுக்கு மூச்சு வாங்கியதை மட்டும் "மேடு ஏறுன எளப்பு" என்று சிரித்துத் தள்ளினீர்கள். போன ஐப்பசியில், தைத்துக்கொண்டிருந்தபோதே போய்விட்டீர்கள். ஜூலியை நான் எடுத்துவந்தேன்; அவள் மூச்சை இப்போது நான் எண்ணுகிறேன்.

இப்போது யார் நாயைக் கொண்டுவந்தாலும், என் எதிரிலேயே ஒரு முறை எண்ணவைக்கிறேன். பிறகு, கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, "உங்களுக்கு மூச்சு வாங்குதுங்களா?" என்று அவர்களையும் கேட்கிறேன். எல்லோரும் சிரிக்கிறார்கள். சிலர், சிரித்த பிறகு, போகாமல் நிற்கிறார்கள்.