இரண்டாம் முறை நான் போடாத கதிரைகள்

புதுக் கதிரைகள் வந்து இறங்கியிருக்கின்றன. கடை முழுக்கப் புது பிளாஸ்டிக் மணம். நீ இருந்தால் இந்நேரம் ஒன்றை உருவியெடுத்து, பின்கால்கள் இரண்டிலும் சாய்ந்து ஆட்டிப் பார்த்து, "இது ரெண்டு கலியாணம் தாங்காது மச்சான்" என்று லொறிக்காரன் காதுபடச் சொல்லியிருப்பாய். அவன் முகம் கறுத்துவிடும். அவனை நான்தான் சமாதானம் பண்ண வேண்டியிருக்கும். இன்றைக்கு அவன் சிரித்துக்கொண்டே இறக்கிவிட்டுப் போனான். சண்டை பிடிக்க ஆளில்லாத கடை எனக்குப் பிடிக்கவில்லை. அதுதான் எழுத உட்கார்ந்தேன். உன்னிடம் ஒரு குற்றத்தையும் சொல்லியாக வேண்டும்.

இந்த வாடகைக் கதிரைக் கடையைச் சேர்ந்து நடத்திய காலம் முழுக்க நாம் இருவரும் ஒத்துப்போனது குறைவு. கதிரையைத் துடைத்தால் போதுமா, கழுவத்தான் வேண்டுமா என்று ஒரு மாரிகாலம் முழுக்கத் தர்க்கப்பட்டோம். ஆனால் ஒரு விஷயத்தில் உன் சொல்லுக்கு நான் மறுசொல் சொன்னதில்லை. கலியாண வீட்டார் நம்மைத் தேடி வரலாம். செத்தவீட்டை நாம்தான் தேடிப் போக வேண்டும். செய்தி காதில் விழுந்ததும் உழவு மெசின் பெட்டியில் ஐம்பது கதிரையை ஏற்றிவிடுவாய். "செத்தவீட்டுச் சனம் வாய் திறந்து கதிரை கேக்கப்படா" என்பாய். போடுகிற விதமும் உன்னுடையதுதான். கலியாணத்துக்கு மணவறையைப் பார்த்து வரிசை. செத்தவீட்டுக்கு வரிசை ஆகாது. நாலைந்து பேர் முகம் பார்த்து இருக்கிற மாதிரி வட்டம் வட்டமாய்ப் போடுவாய். "முதுகப் பாத்துக்கொண்டு ஆர் அழுவான்?" என்று கேட்பாய். அதனால்தான் கதிரை ஏற்றிய நம் மெசின் ஒரு ஒழுங்கைக்குள் திரும்பினாலே சனம் கைவேலையை விட்டுவிட்டு, "ஆர் வீட்ட?" என்று எட்டிப் பார்க்கும்.

சுனாமியாய்க் கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை நீ கதிரவெளியில் அம்மா வீட்டில் நின்றாய். கரையோரம் ஒரு வீடும் மிச்சமில்லை என்று பின்னேரம் வாழைச்சேனைக்குச் செய்தி வந்தது. உன்னைத் தண்ணீர் இழுத்துப் போனதைக் கண்ணால் கண்டதாக உன் ஊர்க்காரர் ஒருவர் என் கையைப் பிடித்து அழுதார். எனக்கு மூளை வேலை செய்யவில்லை. பழகிய வேலையைச் செய்தேன். ஐம்பது கதிரையை ஏற்றி இங்குள்ள உன் வீட்டுக்கே கொண்டுபோனேன். அதுவரை உன் மனைவிக்கு யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. வாசல் படலையில் மெசினைக் கண்டதும்தான் அவளுக்கு விளங்கியது. கைப்பிள்ளையோடு அவள் மண்ணில் விழுந்ததை நான் முடிந்தவரை நினைப்பதில்லை.

மூன்றாம் நாள் காலை நீ நடந்து வந்தாய். யாரோ கொடுத்த சாரம் கட்டியிருந்தாய். காலில் செருப்பில்லை, உடம்பெல்லாம் கீறல். வளவுக்குள் வட்டமாய் இருந்த சனத்தைப் பார்த்தாய், கதிரைகளைப் பார்த்தாய், கடைசியாய் என்னைப் பார்த்தாய்.

"எனக்கே போட்டிட்டியா மச்சான்?"

சிரித்தாய். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். அவசர அவசரமாய்க் கதிரைகளை அடுக்கத் தொடங்கினேன். நீ கையைப் பிடித்து நிறுத்தினாய். "எடுக்காத. அம்மாவ அங்கயே மண்ணுக்க வச்சிட்டு வாறன். அவக்கு ஆகட்டும்." அதற்குப் பிறகுதான் அழுதாய்.

உன் மனைவி மட்டும் என்னை மன்னிக்கவில்லை. "இனி இந்த வளவுக்க நீங்க கதிரையோட வரப்படா அண்ணன்" என்றாள். நீயோ அதை வைத்தே மாதக்கணக்கில் என்னை வாட்டினாய். "இவன் உசிரோட இரிக்கிறவனுக்கும் கதிரை போடுவான், கவனம்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாய்.

யுத்தம் முடியப்போகிறது என்று எல்லோரும் ரேடியோவும் காதுமாய் இருந்த மாதங்களில் ஒருநாள், பந்தலுக்குக் கூரையாய்ப் போடத் தறப்பாள் வாங்க மட்டக்களப்புக்குப் பஸ் ஏறினாய். "மத்தியானச் சோத்துக்கு வந்திருவன்" என்றாய். தறப்பாள் கடைக்கு நீ போய்ச் சேரவேயில்லை. உன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு உன் மனைவியும் நானும் ஏறாத வாசல் இல்லை. யுத்தம் முடிந்தது. யார் யாரோ திரும்பி வந்தார்கள். நீ வரவில்லை.

ஊர் முணுமுணுக்கத் தொடங்கியது. உனக்குச் செய்ய வேண்டிய கிரியையைச் செய்யவில்லையே என்றார்கள். மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி வந்தவர்களை உன் மனைவி படலையோடு திருப்பி அனுப்பினாள். "அண்டைக்கும் கண்ணால கண்டதாத்தானே சொன்னாங்க. அண்ணன் கதிரையும் கொண்டுவந்து போட்டார். மூணாம் நாள் வந்தாரா இல்லையா?" என்று கேட்டாள். என் அன்றைய அவசரம்தான் அவளை இப்படிக் காத்திருக்க வைத்தது என்று எனக்குள் உறுத்தும். என்னிடம் கேட்டவர்களுக்கு, "அவ சொல்லட்டும், நான் போடுறன்" என்பேன், பெரிய மனிதன் மாதிரி. அவளுக்காகத்தான் பொறுத்திருக்கிறேன் என்று நானும் நம்பினேன்.

போன மாதம் அவள் கடைக்கு வந்தாள். நெற்றியில் பொட்டு இருந்தது.

"மகளுக்குக் கலியாணம் பேசி வந்திரிக்கி அண்ணன். தகப்பன் இரிக்காரா இல்லையா எண்டு கேக்காங்க. நான் என்னத்தச் சொல்லுற? புள்ளைக்காக அவர்ட கிரியைய முடிச்சிருவம். நாளும் பாத்தாச்சு. ஒரு அம்பது கதிரை வேணும்."

குரல் நடுங்கவில்லை. வீட்டில் தனியே பல நாள் சொல்லிச் சொல்லிப் பழகியிருப்பாள். எனக்குப் பின்னால் கதிரைகள் கூரையைத் தொட அடுக்கிக் கிடந்தன.

"கதிரை இல்லையே தங்கச்சி" என்றேன். "எல்லாம் வெளிய போயிரிக்கி."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தாள். ஏன் பொய் சொல்லுறீங்க என்று கேட்டிருந்தால்கூட ஆறுதலாய் இருந்திருக்கும். "சரி அண்ணன், நான் ஓட்டமாவடியில எடுக்கிறன். நீங்க சும்மா வாங்க" என்றாள். அவளுக்கு விளங்கிவிட்டது. நான் பொறுத்திருந்தது அவளுக்காக இல்லை என்று எனக்கும் அப்போதுதான் விளங்கியது.

செத்தவீட்டுக்குக் கதிரை இல்லையென்று நான் சொன்னது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். அதுவும் உன் வீட்டுக்கு. நான் சொல்ல வந்த குற்றம் இதுதான்.

போன கிழமை கிரியை நடந்தது. போனேன். கதிரைகளை வரிசையாய்ப் போட்டிருந்தார்கள். உன் மகள் தண்ணீர் கொண்டுவந்து, "இரிங்க மாமா" என்றாள். "நிக்கிறன் புள்ள" என்று வேலியோரமே நின்றேன். அவளுக்கு உன் மூக்கு. ஐயர் உன் பெயரைச் சொன்னபோது உன் மனைவி நிமிர்ந்து ஒரேயொரு முறை படலையைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் பட்டது போதும். இனி மகளின் கலியாண வேலையைப் பார்க்கட்டும்.

எனக்கு மட்டும் விட்டுவிட ஏலவில்லை. பின்னேரம் மட்டக்களப்பு பஸ் சந்தியில் வந்து நிற்கும்போது, செய்கிற வேலையை விட்டுவிட்டு இறங்குகிறவர்களைப் பார்க்கிறேன். கடைசி ஆள் இறங்கிப் பஸ் புறப்படும்வரை பார்க்கிறேன். இத்தனை வருடமும் அவளும் எங்கோ இதே மாதிரிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்ற துணை இருந்தது. இப்போது உனக்காகக் காத்திருக்க நான் ஒருவன்தான் மிச்சம், மச்சான்.