முன்வாசல் வழியாகத்தான் போனேன்

9, சேப்பல் ரைஸ்,
ரேவன்ஷா, லங்காஷயர்.
12 ஏப்ரல் 1992, குருத்து ஞாயிறு

அன்புள்ள லியோ,

நான் பின்பக்கச் சந்து வழியாக ஒளிந்து போய் வாக்களித்துவிட்டு வந்தேன் என்று இன்று பூசை முடிந்ததும் கோயில் வாசலில் பேசிக்கொண்டார்கள். அது உண்மையல்ல. தேர்தல் நடந்த வியாழக்கிழமை மாலை, பள்ளிக்கூடத்தின் முன்வாசல் வழியாக, தொப்பியும் கையுறையும் அணிந்து, நிமிர்ந்துதான் போனேன். ஒளிந்து போவதைக் கன்னியர் மடப் பள்ளியில் எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

டோரிஸ் டாட்டர்சால் கோட்டில் நீல ரிப்பன் பூவைக் குத்திக்கொண்டு, தன் கட்சிக்காக வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களின் வாக்காளர் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தாள். என்னிடமும் கேட்டாள். கொடுத்தேன். "வா வினிஃப்ரெட், நம்ம பக்கம் இன்னொண்ணு விழுந்தாச்சு" என்று என் கையைத் தட்டினாள். நான் கையுறையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனேன். உள்ளே போனதைத்தான் அவள் பார்த்தாள். உள்ளே என்ன செய்தேன் என்பது எனக்கும் அந்தப் பெட்டிக்கும் தெரிந்த விஷயம். உன்னிடமும் அதைச் சொல்வதாக இல்லை.

நாம் இருவரும் வாக்களிப்பதில்லை என்ற ஏற்பாட்டை நான் மீறியது உண்மை. தலைவலி, சாப்பிட வராதே என்று உன்னிடம் சொன்னது பொய். அதைப் பங்குத்தந்தையிடம் சொல்லிவிட்டேன். இந்தச் செய்தி டோரிஸ் வாயிலிருந்து உனக்கு வந்ததற்கு வருந்துகிறேன். நானே சொல்லத்தான் தொலைபேசியில் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய்.

உனக்கும் ஒரு குருத்தோலை வாங்கி வைத்திருக்கிறேன். தினமும் ரொட்டியை வாட்டித் தின்றே காலம் தள்ளாதே.

அன்புடன்,
வினிஃப்ரெட்


14 ஏப்ரல் 1992

அன்புள்ள அண்ணி,

கடிதம் கிடைத்தது. முன்வாசலோ பின்வாசலோ, உள்ளே போனீர்கள் அல்லவா?

இந்த ஏற்பாட்டைத் தொடங்கியது அம்மா. அண்ணன் நீலக் கட்சி, நான் சிவப்புக் கட்சி. ஒரு தேர்தலன்று அவள் சமையலறையில் நாங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டபோது, "இவன் போடுறதை அவன் அழிக்கிறான், அவன் போடுறதை இவன் அழிக்கிறான். ரெண்டு பேரும் வீட்லயே உக்காந்து சாப்பிடுங்க" என்று ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் வெந்த ஹாட்பாட் சட்டியை நடுவில் வைத்தாள். அதற்குப் பிறகு நாங்கள் ஒரு தேர்தலுக்கும் போனதில்லை. அண்ணன் போனதும் அந்த இடத்தில் நீங்களாகவே வந்து உட்கார்ந்தீர்கள். நான் கேட்கவில்லை.

மார்ச்சில் மட்டும் ஒன்று கேட்டேன். "அண்ணி, இந்த ஒரு தடவை என்னை விட்டுடுங்க. அண்ணன் கண்ணை மூடின ஆஸ்பத்திரியை நீலக்காரங்க இழுத்து மூடப்போறாங்களாம். என் கையால ஒரு ஓட்டு போட்டுட்டு வந்துடறேன்." நீங்கள் என்ன சொன்னீர்கள்? "கில்லோ குடும்பத்துல சொன்ன சொல்லை மாத்துறதில்ல, லியோ." சரி என்று தொப்பியை எடுத்துக்கொண்டேன்.

வியாழன் இரவு நான் மட்டும் தனியாக. பத்து மணிக்கு, யாருக்கும் பெரும்பான்மை இல்லை, எங்கள் பக்கம் ஏறுகிறது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். பக்கத்து வீட்டு ஆல்ஃப் சுவரைத் தட்டி, "லியோ, தூங்கிடாதடா, இந்தத் தடவை நாமதான்" என்று கத்தினான். நானும் ஒரு பீர் பாட்டிலைத் திறந்தேன். நள்ளிரவு தாண்டியதும் ஒவ்வொரு ஊராக நீலமாகிக்கொண்டே வந்தது. சுவரில் சத்தம் நின்றுவிட்டது. நம் ஊரில் மூன்று முறை எண்ணினார்கள். பதினொரு ஓட்டில் தோற்றோம்.

விடிவதற்குள் ஆல்ஃப் பைஜாமாவோடு வந்து நின்றான்.

"பதினோரு ஓட்டுடா. நீ போட்டியா?"

"இல்ல."

"உங்க அண்ணி போய் நீலத்துக்குக் குத்தியிருப்பாங்க, பாரு."

"போடா. அவங்க சொன்னா சொன்னதுதான். அவங்களப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

காலையில் ரொட்டிக் கடையில், அவன் பக்கத்தில் நிற்கும்போதே, டோரிஸ் என்னிடம் சொன்னாள்: "உங்க அண்ணியும் வந்து போட்டாங்க, லியோ. நல்ல மனுஷி." ஆல்ஃப் என் முகத்தைப் பார்க்காமல் ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். தோற்றதைக்கூட விடுங்கள் அண்ணி, அது எனக்குப் பழக்கம்தான்.

ஈஸ்டர் சாப்பாட்டுக்கு வரமாட்டேன். உங்கள் வீட்டுச் சாவி இதனுடன் இருக்கிறது. கூரைத் தண்ணீர்க் குழாய்க்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
லியோ கில்லோ


9, சேப்பல் ரைஸ்
16 ஏப்ரல் 1992, பெரிய வியாழன்

அன்புள்ள லியோ,

உன் உறையில் தபால்தலை இல்லை. இரண்டு தெரு நடந்து வந்து, அதைக் கதவுத் துளையில் போட்டுவிட்டு, மணியை அடிக்காமல் போயிருக்கிறாய். வங்கிக்கு எழுதுவதுபோல முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். இரண்டையும் கவனித்தேன்.

சொல்வதாக இல்லை என்று எழுதியிருந்தேன். ஆனால் நீ ஆல்ஃபிடம் எனக்காகப் பேசினாய் என்று தெரிந்த பிறகு மௌனமாக இருப்பது முறையல்ல. உன் கணக்கு தவறு. நான் அன்று போகாமல் இருந்திருந்தால் உங்கள் ஆள் பதினொன்றில் அல்ல, பன்னிரண்டில் தோற்றிருப்பார். நான் சிவப்புக்குத்தான் போட்டேன்.

வாழ்நாளில் முதல் தடவை. நூலில் கட்டிய அந்தப் பென்சில் மொட்டையாக இருந்தது. சரியாக விழவில்லையோ என்று இரண்டாம் முறையும் அழுத்தினேன். உன் அண்ணன் பெர்னார்ட் இருந்திருந்தால் "வின்னி, உனக்கென்ன பைத்தியமா?" என்றிருப்பார். அதற்குப் பிறகு ஒரு வாரம் சிரித்திருப்பார்.

மார்ச்சில் நீ பாதித் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாய். நான் சொன்னது தவறு என்று அன்று மாலையே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த மருத்துவமனையில் அவருக்கு மூச்சு முட்டிய ராத்திரிகளில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நானும்தான். உன் வீட்டுக்கு வந்து, "போ லியோ, போய்ப் போட்டுவிட்டு வா" என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. ஒரு மாதம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தேர்தலன்று மாலை வந்ததும், உன் வாக்கை நானே போட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

நீ கேட்டது ஒரு வாக்கு அல்ல, உன் கையால் போடுவது. இது உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது. அதை நான் உனக்கு இனித் திருப்பித் தர முடியாது. மன்னித்துக்கொள்.

ஆல்ஃபிடம் சொல். அவனுக்குத் தெரிய வேண்டும். டோரிஸிடம் வேண்டாம். அவள் கணக்கில் நான் நீலமாகவே இருக்கட்டும். அவளுக்கு வேறு சந்தோஷங்கள் குறைவு.

உங்கள் அம்மா செய்த ஏற்பாடு இத்தோடு முடிந்தது. அடுத்த தேர்தலில் உனக்குப் பிடித்தவருக்கு நீ போடு. நான் நீலத்துக்குத்தான் போடுவேன், சந்தேகம் வேண்டாம். ஒன்றை ஒன்று அழித்தால் அழிக்கட்டும். எனக்கு அப்போது எண்பத்துமூன்று ஆகியிருக்கும். அந்தப் பள்ளிக்கூடப் படிகளுக்குக் கைப்பிடி இல்லை. இந்த முறையே திரும்பி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். டோரிஸின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறுவதாக இல்லை.

என்னோடு நீ வருவாயா, மாட்டாயா? தொலைபேசியில் வேண்டாம். எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணி
வினிஃப்ரெட்