வாங்க மறுத்த கடிதம்

அன்பு மகனுக்கு,

நீயும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான் மூன்று நாளாகக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பழைய நீதிமன்றத்தையும் பின்னாலிருந்த சிறையையும் சேர்த்து அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா என்னை இழுத்துக்கொண்டு போனார். குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்று, "கனம் நீதிபதி அவர்களே, இவ சமையலுக்கு நான் பொறுப்பில்லை" என்று அவர் கோமாளித்தனம் பண்ண, சிரித்துக்கொண்டேதான் படியிறங்கிச் சிறைக்குள் போனேன். அங்கே ஓர் அறையில் கைதிகளின் கடிதங்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஒன்று "குண்டூசிக்கு" என்று தொடங்கியது. நான் ஒல்லி என்று என்னை அப்படிக் கூப்பிட்டது உலகத்திலேயே ஒருவர்தான், என் அண்ணன். கப்பல் வேலைக்குப் போய் நம்மை மறந்துவிட்டான் என்று உன் தாத்தா சொல்வாரே, அந்த மாமா. கப்பலுமில்லை கடலுமில்லை, கீழே ஒட்டியிருந்த குறிப்பைப் படித்தால், லாரியை ஒருவர் மேல் மோதிவிட்டுப் பதினொரு மாதம், நாங்கள் அப்போது இருந்த வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் அடைபட்டுக் கிடந்திருக்கிறார். "வேணும்னு செய்யல, ஒரே ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போ" என்று எழுதியிருந்தார். பக்கத்திலேயே உறை, அதன் மேல் "வாங்க மறுக்கிறேன்" என்று ஒரு கையெழுத்து. என் மார்க் அட்டையில் வருஷா வருஷம் பார்த்த கையெழுத்து, உன் தாத்தாவுடையது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அங்கே வேலை பார்க்கும் பெண் தண்ணீர் கொடுத்து, விடுதலைப் பதிவேட்டையும் எடுத்து வந்து காட்டினாள். போகும் இடம் என்ற கட்டத்தில் "தங்கை வீடு" என்றிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தாத்தாவிடம் கேட்டேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "உனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்துச்சு, அண்ணன் ஜெயிலுக்குப் போனவன்னு தெரிஞ்சா யாரு கட்டுவா? வாசல் வரைக்கும் வந்தான். உன்னை வெளியூர்ல கட்டிக் குடுத்தாச்சுன்னு சொல்லி அனுப்பிட்டேன். நீ உள்ள தைச்சுக்கிட்டிருந்தே" என்றார். உன் அப்பாவோ, எனக்குத் தெரிஞ்சிருந்தாலும் உன்னைத்தான் கட்டியிருப்பேன் என்கிறார், அதைக் கேட்டுத்தான் எனக்கு அழுகையே வந்தது. தையல் மெஷின் சத்தம் அண்ணன் காதில் விழாமலா இருந்திருக்கும்? கேட்டும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போயிருக்கிறார். தாத்தாவுக்கு வேளாவேளைக்குச் சோறு போடுகிறேன், முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

கம்ப்யூட்டரில் எதையும் தேடிப் பிடித்துவிடுவாய் அல்லவா, பதிவேட்டில் இருந்த பிறந்த தேதி, அங்க அடையாளம் எல்லாவற்றையும் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். மாமாவுக்கு இப்போது எழுபத்தொன்று நடக்கும். இருக்கிறார் என்றே நினைத்துத் தேடு. நேரத்துக்குச் சாப்பிடு, இருவரும் எந்தக் குறையுமில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். கிடைத்துவிட்டால், நான் அன்றைக்கு வீட்டுக்குள்தான் இருந்தேன், எனக்கு யாரும் சொல்லவில்லை என்பதை முதலில் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா