போசிக் குகையும் பவுடர் டப்பா ரயிலும்

மண்ணரை, திருப்பூர்
ஆடி 10

அன்பு மகள் அனுப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் உன் அம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாகாளியம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். தினமும் போனில் பேசுகிற மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் வந்ததும் நீ ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாய், பக்கத்திலேயே அம்மா உட்கார்ந்திருக்கிறாள், அவளை வைத்துக்கொண்டு சில விஷயம் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அதனால் இதை நீ மட்டும் படி.

இங்கே மழை இல்லை, காற்றுதான். மாடியில் காயப்போட்ட வேட்டி இரண்டு வீடு தள்ளிப் போய் விழுந்தது. சாப்பாட்டுக்குக் குறைவில்லை, மெஸ்ஸில் வாங்கி வந்து சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டுவிடுகிறேன். மேஜையில் உட்கார முடியாது, அங்கே தண்டவாளம் போட்டிருக்கிறேன். பாப்பாவுக்கு என்று சொல்லிக்கொண்டு ஒரு மலை ரயில் செய்கிறேன் கண்ணு. ஊட்டி ரயிலை நினைத்துத்தான் ஆரம்பித்தேன், ஆனால் நம் மேஜைக்குள் வளைந்து திரும்ப வேண்டுமென்றால் தண்டவாளம் அதைவிடக் குறுகலாக இருக்க வேண்டும், நாரோ கேஜ் என்கிறார்கள். கடையில் எதுவும் வாங்கவில்லை. சக்கரம் எல்லாம் தையல் மெஷின் பாபின், தண்டவாளம் ஹேங்கர் கம்பி, பெட்டி பவுடர் டப்பாத் தகரம். ஏற்றத்தில் எஞ்சின் வழுக்கியது, அதனால் தண்டவாளத்துக்கு நடுவில் ஒரு ஜிப்பை நீளமாக ஒட்டி, அதன் பல்லைக் கடித்து ஏறும்படி அடியில் ஒரு கடிகாரச் சக்கரம் வைத்தேன். மோட்டார், கெட்டுப்போன டிவிடி பிளேயரிலிருந்து எங்கள் பனியன் கம்பெனி மெக்கானிக் ராசப்பன் கழற்றிக் கொடுத்தது. குகைக்கு அம்மா பால் காய்ச்சும் பழைய அலுமினியப் போசியைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ராசப்பனைக் கூப்பிட்டு ஓட்டிக் காட்டினேன். எஞ்சின் குகைக்குள் போய்விட்டது, பெட்டி குகை வாயிலேயே மாட்டிக்கொண்டது. அளந்து பார்த்தால் எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் பெரிது. முப்பத்தெட்டு வருஷம் கட்டிங் மாஸ்டராக இருந்த கை இல்லையா, பனியன் துணி சலவையில் சுருங்கும் என்று அளவுக்கு மேல் கூட்டி வெட்டியே பழகிப்போய், தகரத்துக்கும் நூற்றுக்கு ஐந்து கூட்டி வெட்டியிருக்கிறது. ஏனுங்க மாஸ்டர், இந்தத் தகரத்த எந்தச் சலவைக்குங்க போடப் போறீங்க என்று கேட்டுவிட்டு ராசப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் போன பிறகும் சிரிப்பு அடங்கவில்லை, உன் அம்மா இங்கே இல்லாததை மறந்து, இந்தக் கூத்தைக் கேளு சாரதா என்று அடுப்படியைப் பார்த்துச் சொல்லியே விட்டேன். அப்புறம் ஃபேன் சத்தம் மட்டும்தான். அன்றைக்கு ரயிலைத் தொடப் பிடிக்கவில்லை, பெட்டி இன்னும் அப்படியே மாட்டிக்கொண்டுதான் நிற்கிறது.

போன வாரம் நீ, அம்மா இன்னும் மூணு மாசம் இங்கியே இருக்கட்டுங்களாப்பா என்று கேட்டாய். தாராளமாக இருக்கட்டும் என்றேன். அது பொய் கண்ணு. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நீ வேலைக்குத் திரும்ப வேண்டும், உன் கஷ்டம் தெரியாதவன் இல்லை. ஆனால் என்னால் இங்கே தனியாக இருக்க முடியவில்லை. பிரசவத்துக்கு ஆறு மாதம் என்று மாசியில் அவளை விமானம் ஏற்றிவிட்டபோதே, எதற்கும் இருக்கட்டும் என்று மனதுக்குள் பத்து நாள் கூட்டித்தான் வைத்தேன். அதற்கு மேல் என்னிடம் துணி இல்லை. ஆவணி டிக்கெட்டை மாற்றாதே. வேண்டுமானால் தை பிறந்ததும் அவளோடு நானும் கிளம்பி வருகிறேன், பாப்பாவை இரண்டு பேருமாகப் பார்த்துக்கொள்கிறோம். அவளாகவே இருக்கிறேன் என்று சொன்னால் மட்டும் எனக்கு மறைக்காமல் சொல்லிவிடு.

நேரத்துக்குச் சாப்பிடு, பாப்பா தூங்கும்போதே நீயும் தூங்கு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லு. பாப்பாவுக்கு அப்புச்சியின் முத்தம். நீங்கள் எல்லோரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

போசியை அறுத்ததை அம்மாவிடம் சொல்லிவிடாதே. அவளே வந்து பார்த்துத் திட்டட்டும்.

உன் அப்பா,
மாரப்பன்