ஆண்டாயியைத் தூக்கும் பாதை

செட்டிகுளம் பக்கம்,
வெள்ளிக்கிழமை மதியம்.

அன்புள்ள மகன் கலையரசனுக்கு, அப்பா ராஜாக்கண்ணு சொல்லச் சொல்ல, உன் வீட்டுக்காரி பூவிழி கையால் எழுதுவது. நாங்கள் சுகம். ஏற்காட்டு பங்களாவில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, சுகர் மாத்திரை போடுகிறாயா என்பதுதான் கவலை. கவுன்சிலர்கள் உங்கள் எல்லோருடைய போனையும் வாங்கி வைத்துவிட்டார்களாமே. அதனால்தான் இந்தக் காகிதம். அங்கிருந்து உன் வேட்டி சட்டையை எடுக்க வந்த டிரைவர் சுரேஷ்குமார் இதை மாத்திரையோடு கொண்டுவந்து கொடுப்பதாகச் சொன்னான்.

இன்று காலை காலனி ஆண்டாயி செத்துப்போனாள். அங்கமுத்துவின் பெண்சாதி. நீ ஓட்டுக் கேட்டுப் போனபோது உன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாளே, அவள்தான். ஓடையில் இடுப்பளவு தண்ணீர் ஓடுகிறது, பாடையோடு இறங்க முடியாது. பழைய வண்டிப்பாதை வழியாகத்தான் சுடுகாட்டுக்குப் போக வேண்டும். அதை அழகேசன் தன் வயலோடு சேர்த்து உழுது வெங்காயம் போட்டிருப்பது உனக்குத் தெரியும். அவன் அங்கே பங்களாவில் உன் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். அவன் ஆட்கள் இங்கே வரப்பில் கம்போடு நிற்கிறார்கள். ஆண்டாயியை ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

அங்கமுத்து நம் வாசலுக்கு வந்தான். உள்ளே வாப்பா என்றேன், வரவில்லை. ‘பாதையத் தொறந்து வுடுறேன்னு உங்க மவன் கொடியப் புடிச்சிக்கிட்டுச் சொன்னாரு. இப்ப யாரு வூட்டுச் சோறு திங்கிறாருன்னு ஊருக்கே தெரியுது. பொணத்த வச்சிக்கிட்டு யாருகிட்டண்ணே போயிக் கேப்பேன்?’ என்றான். திட்டியிருந்தால் தேவலாம்.

டீக்கடையில் இளிக்கிறார்கள். ‘ராஜாக்கண்ணு மவன் கொள்கைக் குன்றுல்ல, அதான் மலை மேல ஏத்தி வச்சிருக்காங்க’ என்கிறான் விக்கி. நாளைக்குச் சேர்மன் தேர்தலில் அழகேசனுக்கும் நம் கட்சி ஆளுக்கும் ரெண்டு பக்கமும் சரிசமமாம். உன் ஓட்டு விழும் பக்கம்தான் ஜெயிக்குமாம்.

கிளம்பும்போது நீ சொன்னதை நான் மறக்கவில்லை. ‘கொள்கையெல்லாம் மேடைக்குத்தாம்ப்பா. சேர்மன் நம்மாளா இருந்தாத்தான் ரோடு வரும், டேங்க் வரும். பாதையக் குடுத்துடுறேன்னு அழகேசனே சொல்லிட்டாரு’ என்றாய். யோசித்துப் பார்த்தேன். பாதி சரிதான். நம் கட்சியும் யோக்கியம் இல்லை. இதே பாதைக்காக நம் ஆட்சியிலும் மனு கொடுத்தோம், நம் எம்.எல்.ஏ. மாலையை வாங்கிக்கொண்டு போனார். ஆனால் அடுத்த முறை அவர் காரை மறித்து, மேடையில் பேசியது என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவருக்கு முகம் சிறுத்துப் போயிற்று. அழகேசனிடம் எதைக் காட்டிக் கேட்பாய்? அவன் மாறிய கட்சிகளை எல்லாம் வரிசையாகச் சொல்வேன். வேட்டிக் கரைதான் மாறியது, வெங்காய வயல் அப்படியே இருக்கிறது. மனசு வந்தால் பாதையைத் திறப்பான், கோபம் வந்தால் மறுபடி உழுவான்.

மருதையாற்றில் ரயில் கவிழ்ந்து சில வருஷம் கழித்து, நான் சின்னப் பையனாக இருந்தபோது, நம் கட்சிக்காரர் ஒருவர் சைக்கிளில் நம் ஊருக்கு வந்தார். உன் தாத்தா சொம்பில் தண்ணீர் கொடுத்தார். கூட வந்த அங்கமுத்துவின் அப்பாவுக்கு முதலில் கொடுங்கள் என்றார் அவர். தாத்தா சொம்பை எட்டி உதைத்தார். ‘தாகத்தோடயே போறேங்க, நாளைக்கி வரேன்’ என்று வந்தவர் சிரித்துக்கொண்டே போனார். மறுநாளும் வந்தார். எனக்குப் படிப்பு இல்லை. கொள்கை என்றால் அந்த மனுஷன் குடிக்காமல் போனதுதான் எனக்குத் தெரியும்.

நீ அவர்கள் பிடியில் இருக்கும்போது வம்பு வேண்டாம், நீ ஓட்டுப் போட்டு முடிக்கும்வரை பொறுத்திருப்பதாக அங்கமுத்து சொல்கிறான். சேதி வந்ததும் அந்தப் பாதையிலேயே தூக்குகிறோம். முன் தோள் நான் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நம் தெருவில் யாரும் காலனிப் பாடைக்குத் தோள் கொடுத்ததில்லை. உன் சித்தப்பன் வந்து, ‘ஒஞ்சாவுக்கு ஒருத்தனும் வரமாட்டோம்’ என்று கத்திவிட்டுப் போனான். வராமல் இருக்கட்டும்.

கம்போடு நிற்பவர்கள் என்னை அடிப்பார்களோ என்று பூவிழி பயப்படுகிறாள். அடித்தால் வாங்கிக்கொள்வேன். நீ அழகேசனுக்கு ஓட்டுப் போட்டு, அந்த நன்றிக்கு அவர்கள் ஒதுங்கி எனக்கு வழி விட்டால், அதைத்தானப்பா என்னால் தாங்க முடியாது.

ஓட்டை நீ மறைவில்தான் போடுவாய். யாருக்கு என்று நான் கேட்கப் போவதில்லை. முடிந்ததும் நேராக இங்கே வா. கொஞ்ச தூரம் நடந்தாலே எனக்கு மூச்சு வாங்குகிறது. தோள் மாற்ற ஆள் வேண்டும். நீயும் உன் பிள்ளைகளும் குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ராஜாக்கண்ணு (கைநாட்டு)

மாமா சொன்னதில் ஒரு சொல்லும் மாற்றவில்லை. பெண்கள் சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்கிறார். வரப்பு வரைக்கும் நானும் போகிறேன். அங்கே யார் கேட்டாலும், இன்னார் வீட்டுக்காரி என்று வழி கேட்க உங்கள் பெயரைச் சொல்ல மாட்டேன்.
– பூவிழி