வாப்பாவின் சந்தாவில் நான் வாசித்தவை

அன்பு மகள் இர்ஷானாவுக்கு உம்மாவின் ஸலாம். அல்லாஹ்வின் உதவியால் நானும் வாப்பாவும் நல்ல சுகம், நீயும் மருமகனும் பிள்ளைகளும் அந்தக் குளிருக்குள் சுகமாக இருக்கத்தான் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். போனில் சொல்லலாம், ஆனால் நான் வாய் திறந்தால் வாப்பா பக்கத்தில் வந்து நின்று மீதியை அவரே சொல்லி முடித்து விடுகிறார், அதனால் எழுதுகிறேன்.

போன கிழமை நான் ஏன் வாப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை என்று கேட்டாய். நீ பிறக்க முன்னர் நம் ஓட்டமாவடிப் பாலத்தடியில் ஒரு சந்தா வாசிகசாலை இருந்தது. கடதாசி ஆலைக் கிளாக்கர்மாரும் நாலைந்து கடைக்காரரும் சேர்ந்து தொடங்கியது. மாதச் சந்தா கட்டினால் புத்தகம் வீட்டுக்குக் கொண்டு போகலாம். சந்தா ஆண்களின் பெயரில், வாசிப்பது பெண்கள், அந்தக் காலம் அப்படித்தான். நாங்கள் யாரும் அந்தப் படியை மிதித்ததில்லை. வாப்பா துறைமுகத்தில் மீன் ஏலம் முடித்து வரும் வழியில், கையில் தூக்கிப் பார்த்துப் பாரமானதாக ஒன்றை எடுத்து வருவார். ஒருமுறை இரண்டாம் பாகத்தை முதலில் கொண்டு வந்தார், முதலாம் பாகம் அடுத்த மாரிக்குத்தான் வந்தது. இரண்டாம் பாகத்தில் மவுத்தாகி அடக்கமானவள் முதலாம் பாகத்தில் கலியாணம் முடித்தாள். மாட்டு வைத்தியப் புத்தகத்தைக்கூட நான் விடவில்லை. நான் முடித்ததும் வேலிக்கு மேலால் ஷாகிரா ராத்தாவுக்குப் போகும், அங்கிருந்து ஒழுங்கை முழுக்க வீடு வீடாகச் சுற்றிக் கறி மணத்தோடு திரும்பி வரும். எழுபத்தெட்டுச் சூறாவளி வாசிகசாலைக் கூரையைத் தூக்கியது, புத்தகமெல்லாம் ஆற்றோடு போயிற்று. நம் வீட்டுக் கூரையும்தான் போனது, ஆனால் நான் அழுதது புத்தகங்களுக்கு.

இப்போது அந்த இடத்தில் புது நூலகம் கட்டி, பழைய சந்தாக்காரரின் பெயர்களைக் கல்லில் வெட்டி, அவர்களில் இன்னும் உயிரோடிருக்கும் வாப்பாவுக்குப் பொன்னாடை போர்த்துவதாக முடிவெடுத்தார்கள். சொல்ல வந்த பொடியன்மார் அவரைப் பெரிய வாசகர் என்று புகழ்ந்துவிட்டு என்னிடம் தேத்தண்ணீர் கேட்டார்கள். ஊற்றிக் கொடுத்தேன், சீனிதான் போடவில்லை மகள். ஒரு பெண்ணின் பெயராவது அந்தக் கல்லில் வராதா என்று வாப்பாவிடம் கேட்டேன், அவர் தலையைச் சொறிந்தார், அதன் பிறகு நான் அவரோடு பேசவேயில்லை.

திறப்பு விழாவில் பொன்னாடையை விரித்ததும் வாப்பா மைக்கைப் பிடித்து, நான் ஒரு பக்கமும் வாசிச்சவனில்ல, வாசிச்சது எண்ட பொண்டாட்டி ஸகியா, நான் சுமந்து திரிஞ்சவன் மட்டும்தான் என்று சொல்லி விட்டார். சபையே சிரித்தது. நான் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அழுதேன். கல்லை இனி மாற்ற ஏலாது என்றார்கள், ஆனால் அடுத்த நாளே என் பெயரில் ஓர் அங்கத்துவ அட்டை வீட்டுக்கு வந்தது.

நேற்று அதை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். அங்கே வேலை செய்யும் பிள்ளை, விரும்பினத எடுங்க உம்மா என்றாள். அலுமாரி அலுமாரியாக நடந்தேன், ஒன்றை எடுப்பேன், திரும்ப வைப்பேன். வந்ததையே வாசித்துப் பழகியவள், எனக்கு எது பிடிக்கும் என்று எனக்கே தெரியவில்லை மகள். பின்னேரமாகி அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி விட்டது, வெறுங்கையோடு வந்து சேர்ந்தேன். வாப்பா பார்த்துவிட்டு, நான் போய் ஒண்டு எடுத்துட்டு வரட்டா என்றார். வேண்டாம், எத்தனை நாள் போனாலும் நானே எடுப்பேன் என்று சொல்லி விட்டேன்.

அல்லாஹ் உங்கள் வீட்டில் பரக்கத்தை நிறைப்பானாக. இரத்தக் குறைவுக்கு டொக்டர் தந்த குளிசையை மறக்காமல் போடு.

உன்னை நினைத்தபடி இருக்கும்
உம்மா ஸகியா